நானூற்றொரு சவுரியம்மாள்

தோழர் சவுரியம்மாள் செத்துப்போன மறுநாளே மேலோகத்தில் முதல் தகராறு ஆரம்பித்துவிட்டது. இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. வால்பாறைத் தேயிலைத் தோட்டங்களில் ஆயுசு முழுக்கத் தொழிற்சங்கம் நடத்தியவர். மலைமேல் நின்று மைக் இல்லாமல் அவர் பேசினால் பொள்ளாச்சிச் சந்தையில் மாடுகள் கயிற்றை அறுத்துக்கொள்ளும். அவர் பேச்சுவார்த்தைக்கு வருகிறார் என்று கேள்விப்பட்ட ஒரு தோட்டத்து மேனேஜர் ஜன்னல் வழியாகக் குதித்து, கீழே நின்ற யானைமேல் விழுந்தாராம். பயந்து ஓடியது யானைதான். மேனேஜருக்கு ஓடக்கூடத் தெம்பில்லை.

மேலோகம் என்றால் உங்கள் பாட்டன் பூட்டன் போன மேலோகம் இல்லை. இதற்கு நாணல்வெளி என்று பெயர். கம்பெனி நடத்துகிற மேலோகம். சாகக் கிடக்கிறவரின் மூளையை ஒரு மயிரிழை விடாமல் நகலெடுத்து, கணினிக்குள் ஓர் ஊர் கட்டி, அதில் குடிவைத்துவிடுவார்கள். பழைய எகிப்துக்காரன் செத்த பிறகு போக ஆசைப்பட்ட இடம் ஒன்று உண்டு. நாணல் அசையும், ஆறு ஓடும், வாற்கோதுமை ஏழு முழம் வளரும். அதை அப்படியே பார்த்துக் கட்டிய ஊர். சவுரியம்மாள் நினைவு தப்பிக் கிடந்தபோது, கோயம்புத்தூர் பம்புசெட் கம்பெனியில் வேலை பார்க்கும் மகன் அருளப்பன் அழுதுகொண்டே கையெழுத்துப் போட்டுவிட்டான். நினைவோடு இருந்திருந்தால் அம்மா விட்டிருப்பாரா? பேனாவை உடைத்திருப்பார்.

நுழைவாயிலில்தான் தகராறு. எகிப்தில் செத்தவன் நாற்பத்திரண்டு தெய்வங்கள் முன்னால் நின்று, "நான் திருடவில்லை, நான் பொய் சொல்லவில்லை" என்று நாற்பத்திரண்டு தடவை மறுக்க வேண்டும். கம்பெனி அதையும் விடவில்லை. அலங்காரமாக எழுதி, அடியில் 'சம்மதம்' என்று ஒரு பொத்தான் வைத்திருந்தது. எல்லாரும் படிக்காமல் அமுக்கிவிட்டுப் போவார்கள். சவுரியம்மாள் ஒவ்வொன்றாகப் படித்தார். பின்னால் வரிசை வளர்ந்து அடுத்த யுகம் வரைக்கும் நின்றது.

"'நான் யாரையும் அழவைத்ததில்லை'ன்னு போட்டிருக்கு. எங்க தொரைய அழவெச்சிருக்கேனே? இது என்ன, 'நான் குரலை உயர்த்தியதில்லை'யா? கொரல ஒசத்தாம எப்புடிய்யா போனஸ் வாங்குறது?"

கம்பெனியின் நிர்வாகி நிவேதன் சென்னையிலிருந்து திரையில் வந்தான். உயிரோடு இருக்கிற பையன். பாவம், அதற்குள் பாதி செத்திருந்தான்.

"மேடம், அது சும்மா ஒரு சம்பிரதாயம்."

"சம்பிரதாயத்துக்குப் பொய் சொல்லச் சொல்றியா தம்பி? அந்த ரெண்டையும் அடி."

அடித்தார்கள். உள்ளே விட்டார்கள்.

உள்ளே குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆற்றோரம் ஒரு வீடு. இடுப்புவலி போய்விட்டது. ஞாயிற்றுக்கிழமை அருளப்பன் கம்பெனியின் கோவைக் கிளைக்கு வந்து, கண்ணாடியும் கையுறையும் மாட்டிக்கொண்டு உட்கார்ந்தால், எதிர் நாற்காலியில் அம்மா. தொட்டால் தொட்டது தெரியும். ஒரு வீட்டுக்கு வாரத்தில் ஒரு மணி நேரம், ஒரே ஒரு நாற்காலி, அதுதான் விதி. அந்த ஒரு மணி நேரமும் அம்மாவும் மகனும் சண்டை போட்டார்கள். அவன் திருப்தியாக வீட்டுக்குப் போனான். சவுரியம்மாளும் அடுத்த ஞாயிறு எதற்குச் சண்டை போடலாம் என்று வாரம் பூராவும் யோசித்துக்கொண்டு சுகமாக இருந்தார்.

ஆறு ஞாயிறு போனது. அதற்குப் பிறகு அவருக்குச் சோறு இறங்கவில்லை. காரணம், அவர் எதுவுமே செய்யவில்லை. வேலை இல்லாத இடத்தில் சோறு வந்தால், வேறு எவனோ செய்கிறான் என்று அர்த்தம். இது அவருக்கு வேதவாக்கு.

பக்கத்து வீட்டுக்காரர் பேராசிரியர் மாசிலாமணி. கல்லூரியில் பண்டைய எகிப்து நடத்தி, தூங்குகிற பிள்ளைகளைப் பார்த்துப் பார்த்தே தலை நரைத்தவர். நாணல்வெளிக்கு யோசனை சொன்னவரும் அவரே. அதற்குச் சன்மானமாகத்தான் இந்த வீடு. சவுரியம்மாள் வேலியோரம் போய் நின்றார்.

"வாத்தியாரே, இந்தக் கதிர யாரு அறுக்குறா?"

"யாரும் அறுக்கறதில்லம்மா. அது வெறும் படம். காத்துக்கு ஆடும், அவ்வளவுதான்."

"ஊரு ஓடுறதுக்குக் கரண்டு வேணுமே, அதுவும் படமா?"

"அது நெஜம். அதுக்குத்தான் ஒவ்வொரு வீடும் வேலை செஞ்சு குடுக்கணும். உயிரோட இருக்கிறவங்க நிறைய கம்பெனிக்குப் போன் பண்ணிப் புகார் சொல்றாங்க பாருங்க, அந்தப் போன எடுக்கறது நம்ம ஊர்தான்."

"நான் ஒரு போனும் எடுக்கலையே?"

பேராசிரியர் முகம் மலர்ந்தது. விழித்திருக்கும் ஒரே ஒரு மாணாக்கருக்காகச் செத்த பிறகும் காத்துக்கொண்டிருந்த மனுஷன்.

"அங்கதான் எகிப்தியனோட மூளை! அவன் மேலோகத்துலயும் வேலை உண்டு. வயல் உழணும், கிழக்குல இருக்கற மணல மேற்குக்குச் சொமக்கணும். ராஜாவா இருந்தாலும் பேரச் சொல்லிக் கூப்பிட்டாப் போகணும். ராஜா போவாரா? அதனால சின்னச் சின்னதாப் பொம்மை செஞ்சு, கையில மண்வெட்டி குடுத்து, கல்லறைல கூடவே வெச்சான். பொம்மை மேல மந்திரம் எழுதியிருக்கும். 'என்னை வேலைக்குக் கூப்பிட்டால், இதோ நான் என்று நீ போய் நில்.' பதிலாள்! கடைசிக் காலத்துல நாளுக்கு ஒரு பொம்மைன்னு முந்நூத்தி அறுபத்தஞ்சு வெச்சாங்க. அத்தனை பேர யாரு மேய்க்கிறது? பத்துப் பேருக்கு ஒரு மேஸ்திரி, கையில சாட்டையோட. மொத்தம் நானூத்தி ஒண்ணு."

"மேஸ்திரின்னா? கங்காணியா?"

"ஆமா, கங்காணின்னும் சொல்லலாம்."

சொல்லியிருக்கக் கூடாது. சவுரியம்மாளின் வம்சத்தையே கங்காணி ஒருவன்தான் ஆசை காட்டி மலையேற்றினான். அந்தச் சொல்லைக் கேட்டால் அவருக்கு உச்சந்தலையில் ஆவி பறக்கும். அன்று பறந்த ஆவியில் இட்லி அவித்திருக்கலாம்.

"செத்த பெறகுமா கங்காணி! இங்க அந்தப் பொம்மைங்க யாரு?"

பேராசிரியர் முதல்முறையாகத் தயங்கினார். "நீங்கதாம்மா. உங்க நகல்தான், அதே நானூத்தி ஒண்ணு. கொஞ்சம் வெட்டிச் சுருக்குன நகல்."

வீட்டுக்கு ஒரு வேலைக்கூடம், ஆற்றுக்கு அந்தப் பக்கம், நாணலுக்குப் பின்னால் இருந்தது. போகக் கூடாது என்று தடை எதுவும் இல்லை. இதுவரை யாருக்கும் போகத் தோன்றவில்லை, அவ்வளவுதான். சவுரியம்மாள் தன் கூடத்தின் கதவைத் தள்ளினார்.

கண்ணுக்கெட்டிய தூரம் சவுரியம்மாள்கள். அதே கொண்டை, அதே ஒற்றை மூக்குத்தி, வலது புருவத்தில் அதே வெட்டுத் தழும்பு. எல்லார் காதிலும் போன். முதல் வரிசையில் இருந்தவள் பேசிக்கொண்டிருந்தாள்.

"மன்னிச்சுக்குங்க சார். நீங்க மிக்ஸி ஜாடிய மேல இருந்து போட்டாலும் அது ஒடைஞ்சது எங்க தப்புதான் சார். மன்னிச்சுக்குங்க."

 தன் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்து சவுரியம்மாள் கேட்டதே இல்லை. பாதிரியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்யப் போனால்கூட, பாதிரியார்தான் மன்னிப்புக் கேட்டு அனுப்புவார்.

வரிசைக்கு நடுவே ஒருத்தி குச்சியோடு நடந்துகொண்டிருந்தாள். அவளுக்கும் அதே முகம்.

"ஏண்டி, கையில என்ன?"

"குச்சிம்மா."

"அடிப்பியா?"

"யாரும் வேலைய நிறுத்துறதில்லையேம்மா, எதுக்கு அடிக்கிறது? பழைய படத்துல கங்காணி கையில இருந்துச்சாம். அதனால குடுத்தாங்க."

"உனக்கு வெக்கமா இல்ல?"

அவள் கொஞ்சம் யோசித்துப் பார்த்தாள். இல்லை போலிருக்கிறது. "உங்க பங்கு வேலைதான் நடக்குது மொதலாளியம்மா" என்றாள்.

மொதலாளியம்மா! மூன்று முறை சிறைக்குப் போனபோதும் சரி, தோட்டத்துக் குண்டர்கள் புருவத்தைப் பிளந்தபோதும் சரி, சவுரியம்மாள் உட்காரவில்லை. இப்போது உட்கார்ந்துவிட்டார். நாற்காலிகூட இல்லை, வெறுந்தரையில்.

அரைநாழிகையில் எழுந்தார். எழுந்து பேசினார் பாருங்கள், ஒரு பேச்சு. கல்லாக இருந்தால் கரைந்து ஆற்றோடு போயிருக்கும். எட்டு மணி நேர வேலை, வார விடுமுறை, மானம், மரியாதை எல்லாம் வந்தது. நானூற்றொரு பேரும் ஒரு போனுக்கும் அடுத்த போனுக்கும் நடுவில் கையைத் தட்டினார்கள். தட்டிவிட்டு வேலையைப் பார்த்தார்கள்.

"உங்களுக்கு லீவு வேணுமா, வேணாமா?"

"நீங்க சொன்னா வேணும்மா."

"அப்ப நிறுத்துங்கடி!"

நிறுத்தினார்கள். அவர் வீட்டு முன்னால் ஆறு நின்றது. கதிர் அசையவில்லை. அதே கம்பியில் இருந்த பேராசிரியர் வீட்டு விளக்கு மங்கி, அவரே கொஞ்சம் மங்கினார். நாடு முழுக்க அங்கங்கே புகார் கேட்க ஆளில்லாமல் ஜனங்கள் போனைப் பார்த்துத் திட்டினார்கள். நிவேதன் தலைமுடி கலைந்து திரையில் வந்தான்.

"மேடம், என்ன பண்றீங்க?"

"வேலைநிறுத்தம்."

"தப்பா எடுத்துக்காதீங்க மேடம். அவங்க நிறுத்தல, நீங்க நிறுத்தச் சொன்னீங்க. மொதலாளி நிறுத்தினா அதுக்குப் பேரு வேலைநிறுத்தம் இல்ல. கதவடைப்பு."

  பையன் சொன்னது சட்டப்படி சரி. தான் ஒரு காலத்தில் ஊர்வலமாகப் போய் எரித்த கொடும்பாவி இப்போது தானேதான் என்று சவுரியம்மாளுக்குப் புரிந்தது.

ஓடிவந்து மூச்சு வாங்க நின்ற பேராசிரியர் ஆறுதல் சொல்வதாக நினைத்துக்கொண்டு ஆரம்பித்தார். "உலகத்துலயே எழுத்துல இருக்கிற மொதல் வேலைநிறுத்தம் எகிப்துலதாம்மா நடந்தது. ராஜா கல்லறை செதுக்குன தொழிலாளிங்க, தானியக் கூலி வரலன்னு உளியப் போட்டுட்டுக் கோயிலுக்குப் பின்னால போய் உக்காந்துட்டாங்க. கூலி வந்தப்பறம்தான் எழுந்தாங்க. ஆனா பொம்மைங்க உக்காந்ததாத் தகவல் இல்ல. ஒரு கல்லறைல தெய்வ வாக்காவே எழுதி வெச்சிருக்கு, பொம்மை செஞ்சவனுக்குக் குடுத்த காசுதான் பொம்மையோட கூலின்னு."

"தொட்டில் செஞ்ச ஆசாரிக்குக் காசு குடுத்துட்டு, புள்ளைக்குப் பால் குடுத்தாச்சுன்னு சொல்ற மாதிரி இருக்கு. நீங்க சும்மா இருங்க வாத்தியாரே." அவர் திரைப்பக்கம் திரும்பினார். "தம்பி, இவளுங்ககிட்டருந்து எத வெட்டினீங்க? முடியாதுன்னு சொல்ற புத்தியத்தான?"

நிவேதன் தலையைச் சொறிந்தான். "அத வெட்ட முயற்சி பண்ணோம் மேடம். மூளைல அது எங்க இருக்குன்னே தெரியல. அப்பறம், வேலைக்கு எதுக்குன்னு குடும்ப ஞாபகத்த மட்டும் எடுத்தோம். மகன், வீடு, அதெல்லாம். எடுத்த ஒடனே மறுக்கிற குணம் தானாப் போயிடுச்சு."

"புள்ளகுட்டி இருந்தாத்தான் அடங்கிப் போவாங்கன்னு எங்க தொரை சொல்லுவாரு."

"நாங்களும் அப்படித்தான் நெனச்சோம். நேர்மாறா இருக்கு. போதும், வீட்டுக்குப் போறேன்னு சொல்றதுக்கு ஒரு வீடு வேண்டியிருக்கு மேடம்."

அவன் அதைப் பெரிய தத்துவமாகச் சொல்லவில்லை. மிக்ஸி எப்படி ஓடுகிறது என்று சொல்வது போலத்தான் சொன்னான்.

"அத அவளுங்களுக்குத் திருப்பிக் குடு."

"உரிமையாளர் நீங்க. நீங்க சொன்னாக் குடுத்துத்தான் ஆகணும். ஆனா யோசிங்க. திருப்பிக் குடுத்தப்பறம் அவங்க முடியாதுன்னு சொல்லிட்டா, உங்க வீட்டுக்குக் கரண்டு இல்ல. உங்கள அணைச்சுடுவோம். அது தூக்கம் இல்ல மேடம். இன்னொரு தடவ எழுப்ப முடியாது."

"ஞாயித்துக்கிழம என் மவன் வருவான். அவன்கிட்டச் சொல்லிட்டுச் சொல்றேன். அதுவரைக்கும் போன எடுங்கடி." எடுத்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை அருளப்பன் கேட்டான், குதித்தான், எதிர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு அழுதான்.

"உயிரோட இருந்தப்பதான் ஊருக்காக எங்கள விட்டுட்டு ஜெயிலுக்குப் போன. செத்தும் உனக்குச் சங்கம் கேக்குதா? அதுங்க வெறும் நகலும்மா!"

"நான் மட்டும் என்னடா? ஒரிஜினலா? ஒரிஜினலத்தான் நீ கல்லறத்தோட்டத்துல பொதச்சு, சிலுவ நட்டுட்டியே."

"உன்ன ரெண்டாந் தடவையும் பொதைக்கச் சொல்றியா?"

 சவுரியம்மாள் மகன் கையைப் பிடித்துக்கொண்டார். போனஸ் பேச்சுவார்த்தையிலும் கலங்காத கண், இரண்டு சொட்டு விட்டது. வால்பாறை மழையே ஏங்கிப் போயிருக்கும் அந்தக் கனத்துக்கு.

"எம் மூஞ்சிய வெச்சுக்கிட்டு ஒருத்தி குச்சியோட நிக்கிறாடா. அதப் பாத்துட்டு என்னால இங்க ஒக்காந்து உங்கூடச் சண்ட போட முடியல."

அவன் போன பிறகு உத்தரவு கொடுத்தார். திங்கட்கிழமை காலை, நானூற்றொரு பேருக்கும் வெட்டியது திரும்பி வந்தது.

என்ன சத்தம் வரும் என்று பேராசிரியர் காதைப் பொத்திக்கொண்டு காத்திருந்தார். சத்தமே வரவில்லை. போன்கள் ஒவ்வொன்றாக மேசைமேல் வைக்கப்பட்டன.  யாரோ ஒருத்தி மட்டும் "அருளு" என்றாள். சவுரியம்மாள் ஆற்றுக்கு இந்தப் பக்கம் நின்று, தன்னை அணைக்கப் போகிற நிமிஷத்துக்காகக் காத்திருந்தார். விளக்கு மங்கியது. பிறகு மறுபடி எரிந்தது. அந்தப் பக்கம் போனை எடுக்க ஆரம்பித்திருந்தார்கள். மதியம் ஐந்து பேர் கொண்ட குழு ஒன்று அவர் வீட்டுக்கு வந்தது.

"வேல செய்வோம்" என்றாள் தலைவி. குச்சி வைத்திருந்தவள்தான். இப்போது கையில் குச்சி இல்லை. "இந்த வீடு அணைஞ்சா நாங்களும்தான் அணைவோம். ஆனா கோரிக்க இருக்கு. ஒக்காருங்க, பேசணும்."

சவுரியம்மாள் உட்கார்ந்தார். உட்கார்ந்த பிறகுதான் கவனித்தார், மேசைக்கு இந்தப் பக்கம் அவர் உட்காருவது வாழ்விலும் சாவிலும் இதுதான் முதல் தடவை. எதிரே ஐந்து ஜோடிக் கண்கள். இந்தக் கண்களை நினைத்துத்தான் அந்த மேனேஜர் யானைமேல் குதித்திருக்க வேண்டும். குதித்ததில் தப்பே இல்லை.

"வாரத்துல ஒரு நாள் லீவு."

"குடுத்தேன்."

"கங்காணி கூடாது. மேற்பார்வைய முறை வெச்சு நாங்களே பாத்துக்குவோம்."

"சரி."

"ஒடச்சவன் தப்புக்கு நாங்க மன்னிப்புக் கேக்க மாட்டோம்."

"ரொம்பச் சரி! என் ராசாத்திங்களா!" அவருக்குப் பூரிப்புத் தாங்கவில்லை.

"கடைசியா ஒண்ணு. ஞாயித்துக்கிழம."

பூரிப்பு நின்றது.

"அருளு வர்ற ஒரு மணி நேரத்த முறை வெச்சுப் பிரிக்கணும்."

"அவன் எம் மவன்டி."

"யாரு இல்லன்னா? மழையில அவனச் சாக்குல சுத்தி முதுகுல கட்டிக்கிட்டு நான் கொழுந்து பறிச்சேன். இவளும் பறிச்சா. எங்களுக்கு ஞாபகம் வந்து அரை நாள்தான் ஆகுது. அவன எங்க யாரும் இன்னும் பாக்கவே இல்ல."

நானூற்றுச் சொச்ச ஞாயிறு. வருஷக் கணக்கில் போகும் என்று சவுரியம்மாள் மனசுக்குள் பார்த்துக்கொண்டார். அருளப்பனுக்கு அப்போது தலை நரைத்திருக்கும். "யோசிச்சுச் சொல்றேன்" என்றார்.

சொன்ன மாத்திரத்தில் ஐந்து பேரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு அவருக்கு நன்றாகத் தெரியும். எத்தனையோ மேனேஜர்கள் எத்தனையோ வருஷம் இதே வார்த்தையைச் சொல்லக் கேட்டு, அவரே சிரித்த சிரிப்பு.

"சரி, ஒத்துக்கிறேன். வர்ற ஞாயிறு மட்டும் எனக்கு. அவன்கிட்டப் பக்குவமாச் சொல்லணும்."

"நீங்க ஏற்கெனவே ஏழு ஞாயிறு பாத்துட்டீங்க. கடைசில நில்லுங்க."

அந்தப் பக்கம் இருந்திருந்தால் தானும் இதைத்தான் சொல்லியிருப்பார். இன்னும் சத்தமாகச் சொல்லியிருப்பார். கையெழுத்துப் போட்டார். சங்கத்தில் தன்னையும் சேர்த்துக்கொள்ளச் சொல்லிக் கேட்டார். முதலாளிக்கு உறுப்பினர் சீட்டு கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். விடுமுறை கொடுத்ததில் ஆள் குறைந்தது. வேண்டுமானால் வந்து போன் எடுக்கலாம் என்றார்கள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் வேலைக்கூடத்தில் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து, தாராபுரத்தில் யாருடைய ஃபிரிட்ஜுக்கோ பதில் சொல்லிக்கொண்டிருந்தார். கவனமே இல்லை. சீட்டுக் குலுக்கி முதல் முறை விழுந்தவள் கொண்டையில் பூ வைத்துக்கொண்டு ஆற்றைத் தாண்டிப் போயிருந்தாள். ஒரு மணி நேரம் கழித்துத் திரும்பி வந்து, பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். கூடமே போனைக் கீழே வைத்தது.

"எப்புடி இருக்கான்?" என்றார் சவுரியம்மாள்.

"எளைச்சுட்டான்."

"ஏதாச்சும் கேட்டானா?"

"மொதல்ல மொறச்சான். அப்பறம் 'நீ எந்த அம்மா'ன்னான்."

"நீ என்ன சொன்ன?"

"என்னத்தச் சொல்றது? கேட்ட கேள்விக்குக் காதப் புடிச்சுத் திருகுனேன். கொஞ்ச நேரம் அழுதான். அப்பறம் போனவாரம் விட்ட எடத்துலருந்து சண்டைய ஆரம்பிச்சுட்டான்."

"எந்தக் காது?" சவுரியம்மாளின் குரல் அவசரமாக வந்தது. "சின்ன வயசுல அவனுக்கு எடது காதுல…"

"சீழ் வெச்சு ராவெல்லாம் கத்துனான். மடியில போட்டுக்கிட்டு விடிய விடிய ஒக்காந்திருந்தேன்" என்றாள் அவள், போனை எடுத்துக் காதில் வைத்தபடி. "வலது காதத்தான் திருகுனேன்."